பேருக்குக் கீழே என்ன போடுவது

பிளஸ் டூ படிக்கும் நான்கு பேர் கடலூரில் சிதம்பரம் பேருந்தில் ஏறுகிறார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி போகும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், ஜன்னல் கண்ணாடியில் அவர்களுடைய முகம் பத்து வயது கூடித் தெரிகிறது. ஒருவன் விமானி. ஒருவன் கலெக்டர். ஒருத்தி டாக்டர். நான்காமவன் எழுத்தாளன், அவனுக்கு மட்டும் நல்ல மூக்காக வைத்திருந்தேன். பாலம் முடிந்ததும் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, அன்று மாலையிலிருந்தே விழுந்து விழுந்து படிக்கத் தொடங்குகிறார்கள்.

இதுதான் நான் இளையோருக்காக எழுதிய நாவல். எங்கள் தடத்துப் பேருந்துகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி இருப்பதே அபூர்வம், இருந்தாலும் அதில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்த கோட்டைத் தவிர எதுவும் தெரியாது என்பதெல்லாம் எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. கோடை விடுமுறை முழுவதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினேன். விமானி அத்தியாயத்தில் எனக்கே கண் கலங்கியது. நான் இன்றுவரை விமானத்தைத் தரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

சிதம்பரத்தில், தேர் ஓடும் வீதி ஒன்றில், மாடியறையில் பதிப்பகம் நடத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூட கைடுகளும் கோயில் தலபுராணங்களும் போடுகிறவர். படித்துவிட்டு, எழுத்து சுத்தமாக இருக்கிறது என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பேருந்தில் தனியாகச் சிரித்தபடி ஊர் வந்து சேர்ந்தேன். எழுத்துப்பிழை இல்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளைகளுக்கான நாவல் என்கிறாய், அந்த வயசுப் பிள்ளை ஒன்றாவது கடைசி வரை படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டும், அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அந்த வயசுப் பிள்ளையை நான் தேடிப் போக வேண்டியதில்லை. என் தங்கை வீட்டில்தான் இருந்தாள். நாவலில் வரும் டாக்டரே அவள்தான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். பருவத்தில் எங்கள் ஊருக்கும் நெல்லிக்குப்பம் ஆலைக்கும் இடையிலேயே அவர் குடித்தனம். அம்மா கையெழுத்துப் போடுவாள், அதையும் அவசரமில்லாதபோதுதான் போடுவாள். ஆகவே எம்.ஏ., பி.எட். முடித்துக் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து, காகிதம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் வீட்டில் நான்தான் முடிவு. கரண்டு பில், ரேஷன் கார்டு திருத்தம், அம்மாவின் மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டுக்காரருடைய துபாய் விசா எல்லாம் என்னிடம் வரும். விசா ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். நல்லவேளையாகச் சரியாகவே இருந்தது.

அதே குரலில்தான், தங்கை பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது, பாப்பா டாக்டருக்குப் படிக்கட்டும் என்று அறிவித்தேன். அப்பா தலையாட்டினார். அம்மா கண்ணைத் துடைத்தாள். பாப்பா அப்போது தோசைக்குச் சட்னி இல்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சம்மதம் என்று நான் குறித்துக்கொண்டேன்.

இனி பேனர். எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், கிரகப்பிரவேசம் என்றாலும் பேனர், பிள்ளை பிளஸ் டூ தேறினாலும் பேனர். பேனர் வைக்காத விசேஷம் நடக்காத விசேஷம் மாதிரி. பாப்பா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவுடன், அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, மறுநாளே ஃபிளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார். கம்பி கட்டுகிற மேஸ்திரி அவர். சட்டம் அடிப்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் பேருந்து நிறுத்தத்தில், டீக்கடையை ஒட்டி, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் பேனர் எழுந்தது. பாப்பாவின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து, வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்ட வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஏதோ வெளிநாட்டுக் கட்டடம். அடியில் வரிசையாக முட்டை வடிவத்தில் சொந்தக்காரர்கள். அதில் ஒரு முட்டையில் நான், எனக்குச் சொந்தமில்லாத கூலிங்கிளாசோடு. பாப்பாவின் பேருக்குக் கீழே பெரிய எழுத்தில்: வருங்கால மருத்துவர்.

அச்சடிக்கும் முன்பு மாமா அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, தப்பு இருந்தால் பார்த்துச் சொல் என்றார். நான் பார்த்தேன். மருத்துவரில் கடைசி எழுத்து வல்லின றகரமாக இருந்தது. திருத்தி அனுப்பி, ‘ஓகே மாமா’ என்று போட்டு, கட்டைவிரல் ஒன்றையும் சேர்த்தேன். வேறு தப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

நீட் முடிவு வந்தது. மதிப்பெண் போதவில்லை, பக்கத்தில்கூட இல்லை. அதனாலென்ன, இன்னும் ஒரு வருடம் என்றேன். கடலூரில் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டேன். அப்பா தலையாட்டினார். வீட்டில் பிரச்சினை முடிந்தது என்று நான் நாவலின் கடைசி அத்தியாயத்துக்குத் திரும்பினேன். அதில் அந்தப் பெண் முதல் முயற்சியில் தோற்று, பாலத்தின் மேல் கண்ட முகத்தை நினைத்து, இரண்டாவது முயற்சியில் வெல்கிறாள்.

கையெழுத்துப் பிரதியைப் பாப்பாவிடம் கொடுத்தேன். பயிற்சிக்குப் போகிற வழியில் பேருந்திலேயே படித்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். நாலைந்து நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நான் பள்ளிக்கு வண்டியில் போகிறவன். அன்று டயர் பஞ்சர் ஆனதால் சாயங்காலம் கடலூரிலிருந்து அவள் வந்த பேருந்திலேயே ஏறினேன். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இங்கே ஏன் இறங்குகிறாய் என்று கேட்டேன்.

“நான் தெனமும் இங்கதாண்ணா எறங்குறேன்,” என்றாள்.

நானும் பின்னால் இறங்கினேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வயல் வழியாக ஒரு நடை தூரம். மழை பெய்து வரப்பெல்லாம் வழுக்கியது. அவள் பழகிய காலோடு முன்னால் போனாள், நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

நிறுத்தத்தில் இறங்கினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் டாக்டரம்மா வந்துட்டாங்க என்கிறார்களாம். கேலி இல்லை, மரியாதையாகவே சொல்கிறார்களாம். அதுதான் தாங்கவில்லை என்றாள். ஒருவர் முட்டி வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறார். ஒரு அம்மா பிரஷர் மாத்திரை அட்டையை நீட்டி, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டிருக்கிறார். “அட்டையிலயே போட்டுருந்துச்சு, படிச்சுச் சொன்னேன். அதுக்கு அந்தம்மா கையெடுத்துக் கும்புடுதுண்ணா,” என்றாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து முந்தைய நிறுத்தம்.

நான் உடனே மனம் இளகிப்போனேன் என்று எழுதத்தான் ஆசை. நான் கேட்டது, நாவலைப் படித்துவிட்டாயா என்று.

படித்துவிட்டாளாம். பதிப்பாளரிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்றாள். ஏன் என்றேன், தமிழாசிரியர் குரலில்.

“நாலு பேரும் எதிர்காலத்தப் பாத்துட்டுச் சந்தோஷப்படுறாங்களே, ஏன்?”

“நல்ல எதிர்காலம்தான பாக்குறாங்க.”

“நானும் நல்லதத்தான் பாக்குறேன். கோட்டு போட்டுகினு நிக்கிறேன். தெனம் சுத்திகினு வரேன்.”

வரப்பில் என் கால் சேற்றில் இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கை கொடுக்காமல், நின்றாள். பிறகு சொன்னாள். சிதம்பரம் பக்கத்து அரசுக் கல்லூரியில் மிச்சமிருக்கிற இடங்களுக்கு வரும் வியாழக்கிழமை கடைசிக் கலந்தாய்வு. கேட்டு வைத்திருக்கிறாள். புவியியலில் இடம் இருக்கிறதாம். அதற்குப் பிறகு இந்த வருடம் எங்கேயும் கதவு திறக்காது, பயிற்சி வகுப்புதான். அவளுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டாம்.

புவியியல் படித்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டேன்.

“தெரியாதுண்ணா. தெரியாமலேயே மூணு வருஷம் காலேஜு போறேனே. போவக்கூடாதா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் படிக்கிற வசதி கிடையாது, ஒவ்வொரு அடியும் எங்கே வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது காலும் சேற்றில் போனது. அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. வீட்டில் படிப்பு விஷயத்தில் நான் சொன்னால்தான் எடுபடும், அப்பாவிடமும் மாமாவிடமும் நீ பேசு, வியாழக்கிழமைக்குள் பேசு என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். நாவலைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை சொல்வாள் என்று வீடு வரை எதிர்பார்த்தேன். வாசலில், “எழுத்து சுத்தமா இருந்துச்சுண்ணா,” என்றாள்.

அன்று இரவு சாப்பாட்டில் அம்மாவிடம் மெல்ல எடுத்தேன். அவள் முந்தைய நிறுத்தத்தில் இறங்கி வருவது அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ எழுதிகினு இருந்த,” என்றாள் அம்மா.

மறுநாள் மாமாவைப் பிடித்தேன். வேலை முடிந்து டீக்கடையில்தான் இருப்பார், அதாவது பேனருக்கு நேர் கீழே. எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் மேலே பார்க்காமல் பேச முயன்றேன். பாப்பா ஒரு பக்கமும், கூலிங்கிளாஸ் போட்ட நான் ஒரு பக்கமும் தலைக்கு மேல் இருந்தோம். பேனரை எடுத்துவிடலாமே மாமா என்றேன்.

மாமா டீ கிளாசை பெஞ்சில் வைத்தார். வைத்த பேனரை வைத்தவனே எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று விளக்கினார். வீட்டில் துக்கம் விழுந்துவிட்டது என்பார்கள், இல்லை அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பார்கள். பேனர் தானாகக் கிழிய வேண்டும், அதுதான் முறை. அப்புறம் அதை எடுத்து மாட்டுக்கொட்டகையில் போர்த்தலாம். அது வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.

“தப்பு இருந்தா சொல்லுன்னுதான மாப்ள ஒனக்கு அனுப்பிச்சேன்? படிச்சவன் நீ. ஒரு எழுத்தத் திருத்துன. அடிச்சுட்டேன்.” போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, என் கட்டைவிரலை எனக்கே காட்டினார்.

எடுக்கக் கூடாது, ஆனால் மேலே வேறு ஒன்றை அடிக்கலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். சட்டம் அப்படியே இருக்கிறது, புது ஃபிளெக்ஸை அதன் மேலேயே ஆணி வைத்து இழுத்துவிடலாம். எனக்கு உயிர் வந்தது. அப்போது கேட்டார்: “சரி, பேருக்குக் கீழ என்னா போடுறது?”

யோசித்தேன். “மாணவின்னு போடுங்க மாமா.”

“மாணவியா?” மாமாவுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. “மாணவின்னு எவன் மாப்ள பேனர் வைப்பான். இந்த ரோட்டுல போறதுல பாதி மாணவிதான்.”

டீ போட்டுக்கொண்டிருந்தவர் அதை ஆமோதித்தார். என்ன படிக்கப் போகிறது என்று மாமா கேட்டார், ஜாக்ரபி என்றேன். படித்தால் என்ன ஆகும் என்றார். அங்கேதான் நான் கெட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர் ஆகலாம், வானிலை ஆய்வுக்குப் போகலாம், நில அளவைத் துறையில்கூட என்று நான் அடுக்க ஆரம்பித்தேன். மாமா பாதியிலேயே பிடித்துக்கொண்டார். சர்வேயர். முக்காலியில் கருவி வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு படம் போட்டால் எடுப்பாக இருக்கும். ஊரில் வரப்புத் தகராறு இல்லாத வீடு கிடையாது, நல்ல மரியாதை. ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு நம்பர் போட்டுக் காதில் வைத்துவிட்டார். நான் எழுந்து அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். என் வாழ்க்கையில் தாய்மாமன் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. டீ என் சட்டையில் கொட்டியது.

“ஒன்னும் போடாதீங்க மாமா,” என்றேன். “அதுக்கே இன்னும் தெரியலியாம்.”

மாமா என் சட்டையைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தார். தெரியவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டாரா, என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டாரா, சொல்ல முடியாது. அடுத்த வாரமே அவர் முன்னின்று நடத்துகிற கோயில் திருவிழாவுக்கு ஒரு பேனர் வேண்டியிருந்தது, அதை எங்கள் சட்டத்திலேயே அடித்துக்கொள்கிறேன், இடமும் மிச்சம் என்றார். அடித்தும் விட்டார். இப்போது அங்கே அம்மன் சிரிக்கிறாள். அம்மனுக்கு அடியில் நான் இன்னும் டாக்டராகத்தான் இருக்கிறேன் என்று பாப்பா சொல்வாள்.

வியாழக்கிழமைக்கு முன்னால் அப்பாதான் பாக்கி. ஆலை ஓடாத மாதம். வீட்டுக்குப் பக்கத்தில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நேரில் முகம் பார்க்க வேண்டாம் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண், கலந்தாய்வு, புவியியல், அவள் முந்தைய நிறுத்தத்தில் இறங்குவது. கால்கள் அசையவில்லை. ஸ்பேனர் சத்தம் மட்டும் நின்றது.

“நல்லா படிக்கிற புள்ள,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “அது ஏன் தெரியலங்குது?”

நான் டயரில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினேன்.

“ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சி? தமிழுதான் படிக்கணும்னு?”

கலந்தாய்வில் என் முறை நெருங்கியபோது தமிழும் புள்ளியியலும்தான் மிச்சம் இருந்தன. புள்ளியியலை எனக்கு முன்னால் நின்றவன் எடுத்துக்கொண்டான். இதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன்.

அப்பா முதுகால் உரசியபடி வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ். என் பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே தமிழ் என்றால் உயிர் என்று, ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போதெல்லாம் அவர் எல்லாரிடமும் சொல்லிவந்தது எனக்குத் தெரியும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவன் மட்டும் தமிழ எடுத்துருந்தான்னா, நீ கணக்கு எழுதிகினு இருந்துருப்ப,” என்றார்.

“ஆமாம்பா.”

“சரி,” என்றார். “கூட்டிகினு போ.” மறுபடி அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற மாதிரிக் கேட்டது. நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஸ்பேனர் சத்தமாகவும் இருக்கலாம்.

நாவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு அத்தியாயத்தை மாற்றினேன். அந்தப் பெண் பாலத்தின் மேல் கண்ணாடியைப் பார்க்கிறாள், மணல் அள்ளிய பள்ளங்களும் கொஞ்சம் தண்ணீரும் தெரிகின்றன, வேறொன்றும் தெரியவில்லை. பதிப்பாளர் படித்துவிட்டு, எதிர்காலம் தெரியும் என்று நம்பிக் காசு கொடுக்கிறவனுக்கு மணலைக் காட்டினால் அடிக்க வருவான் என்றார். பேச்சு இன்னும் முடியவில்லை. பாப்பாவிடம் மறுபடி படிக்கச் சொன்னேன், அவளுக்கு நேரமில்லையாம்.

வியாழக்கிழமை காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டோம். கலந்தாய்வு நடக்கிற அறைக்குள் நான் அவளோடு நுழையப் போனேன். வாசலில் திரும்பி நின்றாள்.

“நீ வெளிய இருண்ணா. அவுங்க என்னக் கேட்டா நீ பதில் சொல்லுவ.”

வெளியே வேப்பமரத்தடியில் பெற்றவர்கள் நின்றிருந்தார்கள். நானும் நின்றேன். உள்ளே இடம் இருக்குமா, அவள் முறை வருவதற்குள் போய்விடுமா என்று அறை வாசலையே எட்டி எட்டிப் பார்த்தேன். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவர் மகளும். என் சட்டைப் பையில் பேனா இருந்ததால்தான் இருக்க வேண்டும், அந்த அம்மா என்னைக் கல்லூரி ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

“சார், எம் பொண்ணுக்கு விலங்கியல் கெடைக்கும்போலருக்கு. அதப் படிச்சா என்னா ஆவும்?”

தெரியாது என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மீன்வளம் இருக்கிறதம்மா, உங்கள் ஊருக்கே பொருத்தம், ஆராய்ச்சிக்குப் போகலாம், அதற்கு மேல் பி.எட். முடித்தால் என்று ஆரம்பித்தேன். கூட்டம் சேர்ந்தது. அந்தப் பெண் தலை குனிந்து செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பத்து வருடத்தில் நீ என்று அவளைப் பார்த்து விரலை நீட்டியபோது, கூட்டத்துக்குப் பின்னால் பாப்பா நிற்பதைக் கண்டேன். கையில் சேர்க்கைச் சீட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

கிடைத்துவிட்டதா என்று சைகையில் கேட்டேன். அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என்னைத் தாண்டி நேராக அந்தப் பெண்ணிடம் போய், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“உள்ள சீட்டு போடுற கடைசி டேபிள் காலியாருக்கு. நீ போ.”

அந்தப் பெண் அம்மாவை விட்டுவிட்டு ஓடினாள்.